டீச்சர் தள்ளிவைத்த நாலாவது ஃபைல்

ஆர்டிஸ் கோரிங் போன மார்ச்சில் காலமானார். தேவாலயத்தில் எல்லோர் கையிலும் கொடுத்த தாளில் அவரைப் பற்றிப் பதினோரு வரி போட்டிருந்தார்கள். ரோசன்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் வரலாறு நடத்தினார், விவாதக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார், அலமாரி நிறையக் கோப்பை ஜெயித்தார், ஆப்பிள் ஜாம் நன்றாகக் கிண்டுவார். எல்லாம் உண்மைதான். ஆப்பிள் ஜாமுக்கு ஒரு வரி கொடுத்த புண்ணியவானுக்கு, அந்த அம்மாவின் வாழ்க்கையில் நடந்த பெரிய விஷயத்துக்கு அரை வரி கூடக் கிடைக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்குத் தெரியாது. ஒரு கைக்குழந்தை செத்தது. அதற்குத் தான்தான் காரணம் என்று டீச்சர் கடைசிவரை நம்பினார். அதில் பாதிப் பழி என்னுடையது.

நான் பள்ளி வேன் ஓட்டியவன். சனிக்கிழமைகளில் விவாதப் போட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவேன். போன இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று டீச்சர் என்னை மதிப்பெண் கூட்டும் அறையில் தள்ளிவிட்டார். இருபது வருடம் அப்படிப் போயிற்று. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான்.

விவாதம் என்றால் கைதட்டலுக்குப் பேசும் பேச்சுப் போட்டி என்று நினைத்துவிட வேண்டாம். நாடு முழுக்கப் பள்ளிகளுக்கு வருடத்துக்கு ஒரே தலைப்பு. இருவர் சேர்ந்து, அரசாங்கம் இன்னதைச் செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் வைப்பார்கள். எதிரே இருவர் அதை உடைக்க வேண்டும். எதைச் சொன்னாலும் அச்சில் வந்த ஆதாரத்தைப் படித்துக் காட்ட வேண்டும். யார் எழுதியது, எந்தத் தேதி என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் படிக்க வேண்டும். தலைப்பு கடல்போல இருக்கும், திட்டம் ஆயிரம் போடலாம். முதல் வருடப் பிள்ளை என்ன செய்யும், பாவம்.

ஒரு வருடம் டீச்சரின் மாணவி ஒருத்தி, பதினாலு வயசு, முதல் போட்டியில் நகரத்துப் பள்ளியிடம் மாட்டிக்கொண்டாள். விவசாய மானியத்தில் ஆரம்பித்து அணுகுண்டுப் போர்வரை போய்விட்டான்கள் அந்தப் பயல்கள். பதில் சொல்ல அவளுக்கு எட்டு நிமிடம். பேச ஒரு வார்த்தை இல்லை. உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லை. எட்டு நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.  திங்கட்கிழமை அவள் குழுவிலிருந்து விலகினாள்.

அதற்குப் பிறகுதான் டீச்சர் வரம்பு போட்டார். முதல் வருடத்துப் பிள்ளைகள் நன்றி நாள் வரைக்கும், அதாவது நவம்பர் கடைசி வரைக்கும், அவர் அந்த வருடத்துக்குக் குறித்துக் கொடுத்த மூன்று திட்டங்களைத் தவிர வேறு எதையும் வைக்கக்கூடாது. எதிர்வாதமும் அவர் தொகுத்துக் கொடுத்த ஃபைலில் உள்ளதுதான். வெளியிலிருந்து ஒரு தாள் எடுத்துப் படித்தாலும் அந்தச் சுற்று தோல்வி. "புதுசா வர்ற பிள்ளைக்கு முட்டளவு தண்ணி போதும் டெல்பர்ட்," என்பார். வட்டாரத்தில் பதினாறு பள்ளிகளும் ஏற்றுக்கொண்டன. பெரிய பள்ளிக்காரர்கள் அதை டீச்சர் வேலி என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் அந்த வேலிக்குள் நின்று பேசப் பழகிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். வாயே திறக்காத பண்ணை வீட்டுப் பிள்ளைகள், மூன்றே மாதத்தில் வக்கீல் மாதிரி என்னையே மடக்குவார்கள். நல்ல வேலி அது. இப்போதும் சொல்கிறேன், நல்ல வேலி.

நான் சொல்லும் வருடம் தலைப்பு தண்ணீர். நாட்டின் நீர்வளத்தை அரசாங்கம் எப்படிக் காப்பது. டீச்சர் ஜூலை முழுக்கத் தன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாலு ஃபைல் தயாரித்தார். நகரங்களின் ஈயக் குழாய், சதுப்பு நிலம், பழைய அணைக்கட்டு. நாலாவது, கிராமத்து வீடுகளின் ஆழ்துளைக் கிணறு: உரமும் மாட்டுச் சாணமும் மண்ணில் இறங்கி, தண்ணீரில் நைட்ரேட் ஏறும் விஷயம்.

ஆகஸ்ட் முதல் வாரம் பள்ளி நூலகத்தில் வட்டாரப் பள்ளிகளின் விவாதக் கூட்டம். அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் பிரதி எடுத்துக்கொண்டிருந்தோம். இயந்திரம் தாளை மென்று துப்பியது. எனக்கு எரிச்சல்.

"நாலு எதுக்கு டீச்சர்? மூணு போதும். இந்த நைட்ரேட்டு எழவெல்லாம் புள்ளைங்களுக்கு எங்க விளங்கப்போகுது?"

"வேதியியல் கொஞ்சம் ஜாஸ்திதான்," என்றார் டீச்சர். ஃபைலைப் புரட்டினார். "அது மட்டுமில்ல டெல்பர்ட். பாதிப் பிள்ளைங்களோட அப்பாமாரு மாட்டுப்பட்டியிலதான் வேலை பாக்குறாங்க. பதினாலு வயசுப் பிள்ளை எந்திரிச்சு நின்னு, எங்க அப்பா தண்ணியில விஷத்தைக் கலக்குறாருன்னு படிக்கணுமா?"

"அதான் சொல்றேன்."

பட்டியலில் நாலாவது வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் 'நன்றி நாளுக்குப் பின்' என்று எழுதினார். கூட்டத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

செப்டம்பரில் சுசானா பான்மன் குழுவுக்கு வந்தாள். அவள் வீட்டார் மெக்சிகோவிலிருந்து வந்த மென்னோனைட்டுகள், கட்டுப்பாடான பழைய கிறிஸ்தவப் பிரிவு. என் பாட்டன் காலத்தில் ரஷ்யாவிலிருந்து பிரிந்து போன அதே கூட்டம்தான், வேறு பாதையில் சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்கள். வீட்டில் பழைய ஜெர்மன் பேச்சு. என் அம்மா பேசியதும் அதுவேதான், அதனால் எனக்கு நன்றாகப் புரியும். டீச்சர் குடும்பத்து ஜெர்மன் வேறு, அவருக்கு இது ஒரு வார்த்தை ஓடாது. சுசானாவின் அப்பா யாக்கோப் மாட்டுப்பட்டியில் வேலை. பட்டிக்கு ஒரு மைல் தள்ளி ஆறு டிரெய்லர் வீடுகள், வண்டியில் இழுத்து வந்து நிறுத்திய தகரக் கூடுகள், ஆறுக்கும் ஒரே கிணறு. அந்தக் குடும்பத்தில் உயர்நிலைப் பள்ளி வாசலை மிதித்த முதல் ஆள் சுசானாதான். அப்பா லேசில் விடவில்லை. டீச்சர் நேரில் போய் உட்கார்ந்து அவர் சம்மதத்தை வாங்கி வந்தார்.

பெண் புத்திசாலி. மூன்று ஃபைலையும் பத்து நாளில் கரைத்துக் குடித்துவிட்டாள். ஒருநாள் பயிற்சி முடிந்ததும் டீச்சர் அலமாரியை எட்டிப் பார்த்தாள்.

"இங்க நாலு ஃபைல் தொங்குதே டீச்சர். எங்களுக்கு மூணுதானே குடுத்தீங்க?"

"நாலாவது நன்றி நாளுக்கு அப்புறம்."

"எதைப் பத்தி?"

"கிணத்துத் தண்ணி."

"எங்க வீட்டுலயும் கிணத்துத் தண்ணிதான்!"

"அப்பச் சரி, அதுல உன்னை ஜெயிக்க ஆளே இருக்காது," என்று சொல்லி டீச்சர் அலமாரியைச் சாத்தினார். சுசானா சிரித்தாள். நான் வாசலில் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றேன், எனக்கு வீட்டுக்குப் போக அவசரம்.

அப்போது அவள் தம்பி அப்ராமுக்கு ஒரு மாதம். ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி பிறந்தவன். பிரசவத்துக்குப் பிறகு அம்மா அகநேத்தாவுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. புட்டிப்பால்தான். தினமும் காலை பஸ் வருமுன் தம்பிக்குப் பால் கரைத்துக் கொடுப்பது சுசானாவின் வேலை. அக்டோபரில் குழந்தை மந்தமாகிவிட்டது. வயிற்றுப்போக்கு. உதடு ஒரு மாதிரி சாம்பல் பூத்தது. ஊர் மருத்துவமனையில் வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். நவம்பர் ஒன்பதாம் தேதி விச்சிட்டா நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியில், வண்டியிலேயே உயிர் போய்விட்டது. இதயத்தில் ஓட்டை இருந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். வீட்டார் அதையே நம்பினார்கள்.

அடக்கத்துக்கு டீச்சரும் நானும் போனோம். பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்னும் காப்பியும் சர்க்கரைக் கட்டியும். எங்கள் எதிரே உட்கார்ந்திருந்த பெண், உதடும் நகமும் மை தொட்ட மாதிரி நீலமாக இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து சுசானா பக்கம் போனார். நானும் பின்னால் போனேன்.

"தம்பிக்குப் பால் எந்தத் தண்ணியில கரைச்சீங்க கண்ணு?"

"கிணத்துத் தண்ணிதான் டீச்சர். ஆனா சும்மா இல்ல. எங்க அம்மா ரொம்பச் சுத்தம் பாப்பாங்க. இருபது நிமிஷம் கொதிக்க வெச்சுத்தான் எடுத்து வைப்பாங்க."

டீச்சர் அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, வேனில் வந்து ஏறிக்கொண்டார். டிரெய்லர் வீடுகளுக்குப் போகச் சொன்னார். வெளிக்குழாயில் தன் மாத்திரைப் புட்டியைக் கழுவித் தண்ணீர் பிடித்துக்கொண்டார். அதைச் சோதனைக்கு அனுப்பினார்.

அந்த வாரம் அவர் தூங்கியதாகத் தெரியவில்லை. ஒருநாள் காலை போன் செய்தார்.

"நாலாவதைப் பட்டியலை விட்டே எடுத்துடலாமா டெல்பர்ட்? யாரும் கேக்க மாட்டாங்க. நன்றி நாள் முடிஞ்சா அவ கையில அது வந்துரும். முதல் பக்கத்துலயே எல்லாம் இருக்கு. படிச்சா அந்தப் பிள்ளை என்ன ஆகும்? பாலைக் கரைச்சுக் குடுத்தவ அவ."

"எடுத்துடுங்க டீச்சர்," என்றேன். "செத்தது திரும்பி வரவா போகுது? அந்தப் பொண்ணாவது நிம்மதியா இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை சோதனை முடிவு வந்தது. நைட்ரேட் பத்துக்கு மேல் போகக்கூடாது, அந்தத் தண்ணீரில் நாற்பத்தொன்று. டீச்சர் ஒரு கையில் அந்தத் தாளும் மறு கையில் நாலாவது ஃபைலுமாக வேன் பக்கம் வந்து நின்றார்.

"வண்டியை எடு. ஆறு வீடு, ஒரே கிணறு. அடுத்த டிரெய்லர்ல டினா வீபேக்குப் பிள்ளை பொறந்து மூணு வாரம்."

மாலை நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். யாக்கோப் வேலையிலிருந்து திரும்பவில்லை. அகநேத்தா கறுப்பு உடையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். சுசானா அடக்கத்துக்குப் பிறகு பள்ளிக்கே வரவில்லை. டீச்சர் ஃபைலை மேசைமேல் வைத்தார். அவள் மேலட்டையைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"நன்றி நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கே டீச்சர்."

"ஆமாம்மா. படி."

பழக்கம் போகுமா? எழுதியது யார், எந்தத் துறை, என்ன தேதி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கத்தில் இருந்தது இதுதான்: இப்படிப்பட்ட தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்பொடி கரைக்கக் கூடாது, குழந்தை நீலம் பூத்து மூச்சு முட்டிச் சாகும். கொதிக்க வைப்பதால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது கூடும். அவள் அதையே இரண்டு தரம் படித்தாள். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள்.

"இது எப்ப தயார் பண்ணீங்க?"

"ஜூலையில."

"தம்பி பொறந்தது ஆகஸ்ட்ல."

"தெரியும்."

"என்னடி அது?" என்று அகநேத்தா தங்கள் பேச்சில் கேட்டார். சுசானா தாளைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி அம்மாவுக்குப் பெயர்த்துச் சொன்னாள். தண்ணீரில் ஏதோ இறங்கியிருக்கிறதாம், பெரியவர்களை ஒன்றும் செய்யாதாம், சின்னக் குழந்தைக்கு ஆகாதாம். கொதிக்க வைக்கும் வரி வந்தது. கண் அந்த வரியில் நின்றது. அடுத்த பத்திக்குத் தாவினாள். எனக்குப் புரிந்தது. தான் கரைத்த பாலை அவள் மறைக்கவில்லை, அம்மா கொதிக்க வைத்த பானையை மறைத்தாள்.

அகநேத்தா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு துடைத்துக்கொண்டார்.

"டினா பிள்ளைக்கும் இந்தத் தண்ணிதானே. அவ சும்மா ரெண்டு கொதி விட்டு இறக்கிடுவா. இன்னும் நல்லாக் கொதிக்க வைக்கச் சொல்லணும்."

"வேணாம்மா. கடையில வாங்குன தண்ணி குடுக்கச் சொல்லு."

"ஆமா, இருபது மைல் போய் வாங்கிட்டு வருவாளா அவ? கொதிக்க வெச்சா எல்லாம் சரியாப்போகும்."

சுசானா என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பேச்சு தெரியும் என்று அவளுக்குத் தெரியும். நான் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று நினைத்து டீச்சரும் எழுந்தார்.

ரயில் பாதையைத் தாண்டினோம்.

"அவ எல்லாத்தையும் படிச்சுச் சொன்னாளா?" என்று கேட்டார் டீச்சர்.

பொய் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. டினா வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் நல்லாக் கொதிக்க வைக்கும்படி அகநேத்தா சொல்லப்போகிறார் என்பதையும் சொன்னேன்.

"வண்டியைத் திருப்பு."

"டீச்சர், அந்தப் பொம்பளை தாங்குமா? பொண்ணு அம்மாவைக் காப்பாத்தப் பாக்குது."

"நானும் அப்படித்தான் பாத்தேன். திருப்பு."

நாங்கள் மறுபடி உள்ளே போனபோது அகநேத்தா போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். அடுப்பில் பெரிய பானை, அதே பானை. "நீ சொல்லு டெல்பர்ட், அவங்க பேச்சுல சொல்லு," என்றார் டீச்சர். இருபது வருடம் மதிப்பெண் கூட்டியவன், ஒரு தரம்கூட எழுந்து நின்று எதையும் வாதாடியவன் அல்ல. என் அம்மாவின் பேச்சில் நான் சொன்ன ஆகக் கொடுமையான விஷயம் அதுதான்.

"தங்கச்சி, கொதிக்க வெச்சா அது போகாது. கூடும்."

அகநேத்தா என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். அழவில்லை. அடுப்பை அணைத்தார்.

"அஞ்சு நிமிஷம் போதும்னு யாக்கோப் சொன்னாரு அண்ணே," என்றார். "நான்தான் பத்தாதுன்னு சொன்னேன். நான்தான் இருபது வெச்சேன்."

அப்படியே கதவைத் திறந்துகொண்டு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். டினா வீட்டுக் கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளியே வந்து, ஆவி பறக்க உறைந்த தரையில் கொட்டினார். பாத்திரம் காலியான பிறகும் அதைக் கவிழ்த்துப் பிடித்தபடியே நின்றார்.

டினாவின் பிள்ளை பிழைத்தது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. பான்மன் குடும்பம் ஜனவரியில் டெக்சாஸ் பக்கம் போய்விட்டது. சுசானா அதற்குப் பிறகு விவாத மேடை ஏறவே இல்லை. கிணற்றைச் சரிசெய்ய நிலத்துக்காரனைக் கோர்ட் வரை இழுத்ததும் டீச்சர்தான், அதற்கு மூன்று வருடம் பிடித்தது. வரம்பை அவர் எடுக்கவில்லை. அடுத்த ஆகஸ்டிலும் பட்டியல் போட்டார், பிள்ளைகளுக்கு முட்டளவுதான் கொடுத்தார். ஆனால் எதைத் தள்ளிவைத்தாலும் அதை முதல் வாரமே ஒவ்வொரு வீட்டுக்கும் தபாலில் அனுப்பிவிடுவார், பெற்றோர் படிக்க. யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அகநேத்தா வெளியே போனதும் சுசானா அந்தச் சமையலறையில் டீச்சரிடம் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, எதிரணியைக் கேள்வி கேட்கப் பழக்கியிருந்தாரே, அந்தக் குரலில் கேட்டாள்.

"நாலு இருந்துச்சு. மூணு போதும்னு யாரு முடிவு பண்ணது?"

"நான்தான்," என்றார் டீச்சர்.

"நீங்க மட்டுமா?"

"நான் மட்டும்தான்."

நான் அடுப்புக்குப் பக்கத்தில், டீச்சருக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். தொப்பி தலையில்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.